ஐந்தாவது பாட்டு

மேடைக்கு நேர் எதிரே, பிரமுகர்களுக்காக, அடர்சிவப்பு நிறத்தில் மூன்று சோபாக்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்பும் ஒரு கண்ணாடி மேசை. மேசையின் மேல் துணியால் செய்த ரோஜாக்கள், தண்ணீர்ப் புட்டிகள், ஒரு டிஷ்யூ பெட்டி. கல்யாண மண்டபத்திலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது போலிருந்தது. என் அண்ணனின் குழு வாசிப்பது ஆல்டர்நேட்டிவ் மெட்டல் என்ற ராக் இசை. அதைக் கேட்க வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்பதில்லை. மேடையின் காலடியில் நெருக்கியடித்து நின்று, ஒருவர் மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். அவர்கள் குதிக்க வேண்டிய இடத்தில்தான் சோபாக்கள் இருந்தன.

ஜொகூர் பாருவில், பூங்கா ஒன்றின் சரிவை வெட்டிக் கட்டிய திறந்தவெளி அரங்கம் அது. சிமெண்டுப் படிகள் அரைவட்டமாக மேடையை நோக்கி இறங்கும். மேடைக்கு மட்டும் கூடாரம் போல ஒரு கூரை உண்டு. மாலை ஐந்தரை மணிக்கும் படிகள் நடுப்பகல் வெயிலைத் தமக்குள் வைத்திருந்ததால் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, ஆறாவது படியில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அம்மா நீலப் பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். எங்களைச் சுற்றிலும் நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். எல்லாரும் கறுப்புச் சட்டை.

"என்னா இது, எல்லாப் பிள்ளைங்களும் கறுப்புலயே வந்திருக்கு? யாரு வீட்டு காரியம்?" என்றாள் அம்மா.

"அதுதாம்மா இவங்க யூனிஃபார்ம்."

"மண்ட ஓட்டு படம் போட்டா யூனிஃபார்மு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவனின் முதுகை இன்னொரு முறை கவனமாகப் பார்த்தாள். "பாவம், பல்லெல்லாம் கொட்டிப் போச்சி."

அவள் விளையாட்டாகப் பேசுவது அபூர்வம். அன்று அவளுக்கு விடுமுறை. வாரத்தில் ஒரே நாள். அந்த நாளில் வீட்டில் துணி துவைக்காமல், தூங்காமல், எனக்காக அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்காக மட்டும் அல்ல. அவன் பாடப்போகும் ஐந்து பாட்டுகளில் ஒன்றை நான் எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறேன் என்று மட்டும் தெரியாது.

அது அவளைப் பற்றிய பாட்டு.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே கனமாக எதையும் சொல்வதில்லை. நான் அந்தப் பழக்கத்தில் மற்ற இருவரையும் மிஞ்சியவள். அம்மா பதினெட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கம்பெனி பஸ் ஏறி, மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் இந்த முனையில் குடிநுழைவு வரிசையில் ஒருமுறை நின்று, அந்த முனையில் இன்னொருமுறை நிற்பாள். மாலையில் அதே வரிசைகள், எதிர்த்திசையில். வரிசையில் நின்றுகொண்டே ரொட்டி தின்பாள். நின்றுகொண்டே தூங்கவும் கற்றுக்கொண்டவள். அதை அவளே ஒருமுறை வேறு யாரிடமோ சொல்ல நான் கேட்டிருக்கிறேன். என்னைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்க வைத்தது அந்த நிற்றல்தான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியாது. அண்ணன் ஒருநாள் வந்து, "இங்கிலீஷ்லயும் மலாய்லயும் கத்திக் கத்தி அலுத்துப்போச்சி லா. நம்ம பாஷையில ஒன்னு எழுதிக் குடேன்" என்று கேட்டபோது, சொல்வதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

பதினாறு வரிகள் எழுதினேன். குழுவின் பட்டியலில் அது ஐந்தாவது, கடைசிப் பாட்டு. அதில் ஒரு வரிக்கு மட்டும் பதினொரு நாள் ஆனது. அந்த வரி இது:

வரிசையில் நிற்பவளுக்கு இரண்டு நாடும் வாசல்தான், வீடு இல்லை.

அந்த வரியில் பாட்டு உடையும். அதுவரை அண்ணன் சாதாரணக் குரலில், ஏறக்குறையப் பேசுவது போலப் பாடிக்கொண்டு வருவான். 'வீடு இல்லை' என்றதும் ஒரு விநாடி முழு நிசப்தம். பிறகு டிரம்ஸ் தனியாக ஓர் உருட்டல் உருட்டும். அதன் முடிவில் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக விழ, அண்ணனின் குரல் அலறலாக மாறும். அவர்கள் பயிற்சி செய்வது டயர் கடை ஒன்றின் மாடியில். அங்கே முதன்முதலாகக் கேட்டபோது, காது கேட்பதற்கு முன் விலா எலும்புகள் கேட்டுவிட்டன. ஏழு தந்திக் கிதாரை அவ்வளவு தாழ்த்திச் சுருதி சேர்த்திருந்தார்கள். நான் அமைதியை விரும்புகிறவள். அந்த இசையை அதற்கு முன் சகித்திருக்கிறேனே தவிர ரசித்ததில்லை. அன்று ரசித்தேன். அம்மா பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை யாரோ அவளுக்குப் பதிலாகக் கத்துகிறார்கள் என்று தோன்றியது.

ஒரே ஒரு குறை. சொற்கள் கேட்கவில்லை. எழுதிய நானே கையில் தாளை வைத்துக்கொண்டுதான் வரிகளைப் பின்தொடர முடிந்தது. மெதுவான பகுதியிலும் கிதாரின் அடர்த்தியில் சொல்லின் விளிம்புகள் மழுங்கிவிட்டன. அண்ணனிடம் சொன்னேன்.

"மெட்டல்னா அப்படித்தான். வார்த்தை முக்கியமில்ல, ஃபீலிங்தான்" என்றான்.

எனக்கு வார்த்தைதான் முக்கியம். அம்மா அங்கே வந்து உட்கார்ந்து, தன்னைப் பற்றிய பாட்டைக் கேட்டு, ஒரு சொல்லும் விளங்காமல் எழுந்து போய்விடுவாளே என்ற கவலை அன்றே எனக்குள் புகுந்துவிட்டது. பிறகு நான் செய்த தவறு அந்தக் கவலையிலிருந்துதான் வந்தது. கவலையிலிருந்து மட்டும் என்று சொன்னால் அது பொய். கர்வமும் இருந்தது.

அரங்கத்துக்கான அனுமதியைப் பெற்றுத் தந்தது அந்த வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம். இங்கே எல்லாரும் அவரை வை.பி. என்பார்கள்; 'மாண்புமிகு' என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது, எந்த உறுப்பினரையும் அப்படித்தான் சொல்வார்கள். நிகழ்ச்சியை அவர் குத்துவிளக்கேற்றித் தொடக்கி வைத்து, தமிழில் சிறப்புரை ஆற்றுவதாக ஏற்பாடு. அவருடைய உதவியாளர் அண்ணனிடம், நல்ல தமிழில் உரை எழுத ஆள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான். உதவியாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, நீங்க தமிழ் இலக்கியம் படிக்கிறீங்களாமே. அஞ்சு நிமிஷம் வர்ற மாதிரி ஒரு உரை வேணும்மா. கொஞ்சம் கனமா இருக்கட்டும். ஆனா ஒன்னு, ஆங்கில எழுத்துல அடிச்சி அனுப்புங்க."

"ஆங்கில எழுத்துலயா?"

"ஆமாம்மா. வை.பி. மலாய்ப் பள்ளியில படிச்சவரு. தமிழ் நல்லா பேசுவாரு, படிக்கத்தான் வராது. அப்புறம், நீங்க எழுதினதுன்னு வெளிய தெரிய வேணாம், சரியா?"

சரி என்றேன். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

"நாலு வரி எழுதி முடிச்சி விடு லா" என்றான் அண்ணன். "அந்தாளு சீக்கிரம் எறங்குனாத்தான் நாங்க ஏற முடியும். ஆறு அம்பதுக்கு ஸ்பீக்கர ஆஃப் பண்ணிடுவாங்க."

பூங்காவுக்கு அடுத்தாற்போல் ஒரு பள்ளிவாசல் இருந்தது. மக்ரிப் என்னும் அந்தித் தொழுகைக்கான பாங்கு ஒலிப்பதற்குள் மேடை அடங்கிவிட வேண்டும். தொழுகைக்குப் பிறகு மறுபடி தொடங்கவும் அனுமதி இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு வரி எழுதவில்லை. இரண்டு பக்கம் எழுதினேன். தொடர்களை அடுக்கினேன், ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று வினையெச்சங்கள் வரும்படி கட்டினேன். என் விரிவுரையாளர்கள் எவரும் என் உரைநடையை மேடையேற்றியதில்லை. இவர் ஏற்றப்போகிறார் என்பது உள்ளூர இனித்தது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஐம்பது விநாடி. கேட்ட அளவுக்குள் இருந்தது. பிறகு அதை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். நெட்டெழுத்துகளை இரட்டித்து, நீண்ட சொற்களை இடைக்கோடிட்டு உடைத்து, மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்கோடு போட்டேன். இரண்டு பக்கம் ஐந்து பக்கமானது. நான் நான்கு நிமிடம் ஐம்பது விநாடியில் படித்ததை இன்னொருவர் எத்தனை நிமிடத்தில் படிப்பார் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை.

நான்காம் பக்கத்தில், எல்லை கடந்து உழைக்கும் தாய்மார்களைப் பற்றிய பத்தியில், என் பாட்டின் அந்த ஒரு வரியை வைத்தேன்.

எனக்குள் சொல்லிக்கொண்ட நியாயம் இதுதான்: பாட்டில் அது அம்மாவுக்குக் கேட்காது, ஒலிபெருக்கியில், வாத்தியம் எதுவும் இல்லாமல், ஒருவர் நிறுத்திச் சொன்னால் கேட்கும். முதலில் உரையில் கேட்பாள். பிறகு பாட்டில் அந்த இடம் வரும்போது அடையாளம் கண்டுகொள்வாள். நிசப்தம், உருட்டல், அலறல். அப்போது அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நான் விரும்பினேன். இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

வை.பி. இருபது நிமிடம் தாமதமாக வந்தார். குத்துவிளக்கு ஏற்ற இன்னும் பத்து நிமிடம் பிடித்தது. திறந்தவெளியில், மழைக்காற்று சுழன்றடிக்கும் மாலையில், ஐந்து திரி. நான்காவதைக் கொளுத்தும்போது முதலாவது அணைந்தது. இரண்டு தொண்டர்கள் பதாகை ஒன்றைப் பிடித்து விளக்குக்கு மறைப்பு கட்டினார்கள். மேல்படியிலிருந்து ஒருவன், "பாஸ், ஆம்ப்லிஃபையர் சூட்டுலயே பத்த வைங்க!" என்று கத்தினான். படிகள் முழுவதும் சிரித்தன. வை.பி.யும் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஐம்பது வயதிருக்கும், பூ அச்சிட்ட பாத்தேக் சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு ஒலிவாங்கியைப் பிடித்தார். என் ஐந்து பக்கங்களும் அவர் கையில் காற்றில் படபடத்தன.

அவர் ஒவ்வோர் அசையாகப் படித்தார். நான் போட்ட இடைக்கோடுகள் அவருக்கு உதவவில்லை, ஒவ்வொன்றிலும் நின்றார். வாக்கியம் பாதி போனதும் வழி தவறி, மறுபடி தலையிலிருந்து தொடங்கினார். என் வினையெச்சங்கள் ஒவ்வொன்றும் அவரைத் தடுக்கிவிட்டன. நான் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது: ஒவ்வொரு பத்தி முடிந்ததும், தமிழ் தெரியாதவர்களுக்காக, அதன் சாரத்தை மலாயில் விளக்கினார். இங்கே எந்த மேடையிலும் அப்படித்தான் செய்வார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிற எனக்கு அது நினைவில் வந்திருக்க வேண்டும்.

மேடையின் பின்பகுதியில் குழு தயாராக நின்றது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்; பிறகு என்னைப் பார்த்தான். ஆறாவது படிக்கும் மேடைக்கும் இடையில் அந்தப் பார்வை தெளிவாகவே வந்து சேர்ந்தது. டிரம்ஸ் வாசிக்கும் மலாய்க்காரர் தம் இருக்கையில் குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பேச்சு புரியாமல், மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் பக்கம் வந்தது.

அந்த வரியை அவர் தடுமாறாமல் படித்தார். "வரிசையில் நிற்பவளுக்கு, இரண்டு நாடும் வாசல்தான்." சாய்கோடு இருந்த இடத்தில் சரியாக மூச்சு விட்டார். "வீடு இல்லை." பிறகு தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு அது புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. குரல் மாறியது. தாளைப் பார்க்காமல், படிகளைப் பார்த்து, மறுபடி ஒருமுறை சொன்னார். பக்கத்தில் அம்மா விசிறிக்கொண்டிருந்த நிகழ்ச்சி நிரல் நின்றுவிட்டது.

அதோடு அவர் விட்டிருக்கலாம். மூன்றாவது முறை, விரலை உயர்த்தி, தேர்தல் மேடையில் சொல்வது போல, "வாசல்தான்!" என்று உரக்கச் சொல்லிக் கூட்டத்தின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வீடு இல்லை!" என்று மேல்படியிலிருந்து பத்துப் பேர் கத்தினார்கள். கிண்டலாகத்தான். ஆனால் வை.பி. அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாசல்தான்!" என்றார் மறுபடி. இப்போது எல்லாப் படிகளும் கத்தின. "வீடு இல்லை!"

டிரம்ஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொற்களை டயர் கடை மாடியில் குறைந்தது நாற்பது முறை கேட்டிருப்பார். அவற்றுக்குப் பின் ஒரு விநாடி நிசப்தம் என்பதும், அதற்குப் பின் தான் உருட்ட வேண்டும் என்பதும் அவர் கைகளுக்குத் தெரியும். கைகள் செய்தன. ஒலிபெருக்கிகள் வழியாக அந்த உருட்டல் அரங்கம் முழுவதும் இடியாக இறங்கியது. வை.பி. துள்ளித் திரும்பினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன்பின் அந்த விளையாட்டு நிற்கவில்லை. அவர் எந்த வாக்கியத்தை முடித்தாலும் மேலிருந்து யாராவது "வீடு இல்லை!" என்றார்கள், சிலர் வாயாலேயே உருட்டினார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை.

உரை ஆறு இருபத்தொன்பதுக்கு முடிந்தது. இருபத்தேழு நிமிடம். அதன்பின் சோபாக்காரர்களுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுத்தல். குழு மேடையின் முன்னால் வந்தபோது ஆறு முப்பத்தொன்பது. மீதி பதினொரு நிமிடம். இரண்டு பாட்டுக்கு மட்டும் போதும்.

அப்போதும் நான் நம்பிக்கை இழக்கவில்லை. இரண்டில் ஒன்றாவது அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா வருகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அம்மா அவனுக்கும் அம்மா. அவர்கள் நால்வரும் ஒருவரையொருவர் நோக்கித் தலை கவிழ்த்து ஏதோ பேசினார்கள். அண்ணன் தலையை அசைத்தான். ஆமாம் என்ற அசைவு அல்ல.

முதல் பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. கிதாரின் முதல் அடியிலேயே கண்ணாடி மேசைகள் அதிர்ந்து, ஒரு தண்ணீர்ப் புட்டி உருண்டு விழுந்தது. கறுப்புச் சட்டைகள் படிகளிலிருந்து இறங்கின. சோபாக்கள் வழியை மறித்ததால் அவற்றின் இருபுறமும் பிளந்து, பின்னாலும் நிரம்பிக் குதித்தார்கள். வை.பி. காதில் விரலை வைத்துக்கொள்ளாமல், மரியாதையாக, முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். திறந்தவெளியில் அந்த இசை வேறு மாதிரி இருந்தது. மாடியில் சுவர்கள் திருப்பியடித்த ஓசை இங்கே மேலே எழுந்து, ஈரக்காற்றில் தேய்ந்து, மறுபடி கீழே வந்தது. அண்ணன் நன்றாகப் பாடினான். அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. கழுத்து நரம்புகள் புடைக்க, ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்து, தன்னிடம் இருந்ததையெல்லாம் அந்தப் பதினொரு நிமிடத்தில் கொட்டினான். கோபம் அவனுக்கு உதவியது. அந்தக் கோபத்தின் காரணம் நான்தான் என்பதை அங்கே குதித்துக்கொண்டிருந்த யாரும் அறிந்திருக்கவில்லை.

இரண்டாவது பாட்டு மலாயில். அது முடிந்ததும் அண்ணன் ஒலிவாங்கியை நெருங்கினான். "நன்றி" என்று தொடங்கினான். ஒலிபெருக்கி அணைந்தது. ஆறு ஐம்பது. அவன் வாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மாவைப் படியில் உட்கார வைத்துவிட்டு மேடையின் பின்புறம் போனேன். அண்ணன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். டிரம்ஸ்காரர் என்னைக் கண்டதும் எழுந்து, கையை நெஞ்சில் வைத்து மலாயில் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அவர் அல்ல.

"என்னா பண்ணி வெச்சிருக்க நீ?" என்றான் அண்ணன், நிமிராமல்.

"அம்மாவுக்குக் கேக்கணும்னு நெனைச்சேன்."

"கேட்டுச்சி இல்ல? நல்லா கேட்டுச்சி. ஜொகூர் முழுக்க கேட்டுச்சி."

"ரெண்டு பாட்டுக்குத்தான் நேரம்னா இதப் பாடியிருக்கலாம்."

"எப்படி பாடறது?" இப்போது நிமிர்ந்தான். "அலமாக்! அவனுங்க மேல உக்காந்துகிட்டு வீடு இல்ல, வீடு இல்லன்னு சிரிக்கிறானுங்க. நான் போய் அதையே கண்ண மூடிக்கிட்டுக் கத்தவா? வை.பி. பேச்சுக்கு மியூசிக் போட்ட மாதிரி ஆயிடும். நாங்க பேண்டா, இல்ல அவரோட தேர்தல் லாரியா?"

"அது நம்ம பாட்டுண்ணா."

"இருந்துச்சி" என்றான்.

சுருட்டிய கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல நான் நீண்ட நேரம் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை என்பது எனக்கு எந்த வகையிலும் ஆறுதலாக இல்லை. உரை ஐந்து நிமிடத்தில் முடிந்திருந்தால் ஐந்து பாட்டும் பாடியிருப்பார்கள். அந்த வரி உரையில் இல்லாதிருந்தால், கிடைத்த இரண்டில் ஒன்றாக அது இருந்திருக்கும். இரண்டு வழியையும் நானே அடைத்திருந்தேன், மிகுந்த கவனத்தோடு, எழுத்துப்பிழை இல்லாமல்.

திரும்பி வந்தபோது அம்மா படியில் இல்லை. சோபாக்களுக்கு அருகில் வை.பி.யோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்துக் கொடுத்தவர் அந்த உதவியாளர். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. மேடையருகே பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நாங்கள் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.

"அவன் பாட்டு எப்படி இருந்துச்சும்மா?" என்று நிறுத்தத்தில் கேட்டேன்.

"சத்தம் நெஞ்சில வந்து இடிக்குது. கொழந்த வேர்த்து ஊத்தி நின்னான் பாரு, பாவமா இருந்துச்சி. எதுக்கு அவ்ளோ கோவமா பாடறான்?" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உன் பாட்டு எதும்மா? முதல்ல பாடினதா, ரெண்டாவதா?"



"ரெண்டாவதும்மா."

"நெனைச்சேன். அதுதான் நல்லா இருந்துச்சி. ஒன்னும் புரியல, ஆனா நல்லா இருந்துச்சி." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அந்த வை.பி. பேசினாரே, கேட்டியா? பாதி வெளங்கல. ஆனா நடுவுல ஒரு வார்த்த சொன்னாரு பாரு, வரிசையில நிக்கறவளுக்குன்னு. எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சி. இத்தன வருஷம் நிக்கறேன், ஒருத்தரும் அப்படி சொன்னதில்ல. பெரிய மனுஷன், கார்ல போறவரு, அவருக்கு எப்படித் தெரியும்?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. என்னைத் தடுத்தது உதவியாளருக்குக் கொடுத்த வாக்கு அல்ல. ஒரு பெரிய மனிதர், தன்னை அறியாதவர், தான் நிற்பதைப் பார்த்திருக்கிறார் என்று அவள் நம்பினாள். அதை எழுதியவள் நான் என்று தெரிந்தால், பெற்ற மகள் தாயைப் பற்றி எழுதியது என்றாகிவிடும். மகள் எழுதுவதில் என்ன அதிசயம்? அவளுக்குக் கிடைத்ததைச் சிறியதாக்கி, எனக்கு உரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். கோழையாகவும் இருந்தேன். இரண்டில் எது என்னை மௌனமாக்கியது என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெருந்தன்மை என்று மட்டும் அதை அழைக்க மாட்டேன்.

"நீயும் அந்த மாதிரி எழுதணும்மா" என்றாள். "புரியற மாதிரி."

வை.பி. அலுவலகம் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிச் சமூக ஊடகத்தில் போட்டது. மூன்றாம் முறை சொன்னதும் டிரம்ஸ் உருட்டலும் அதில் இல்லை. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, குரல் மாறிச் சொன்ன இரண்டாவது முறை மட்டும் இருந்தது. அம்மா அதை எனக்கு அனுப்பினாள். கம்பெனி பஸ்ஸில் போட்டுக் காட்டியிருக்கிறாள்; கூட வேலை செய்யும் பெண்கள் மறுபடி மறுபடி போடச் சொன்னார்களாம். ஒருத்தி அழுதாளாம். அண்ணன் அந்தப் பாட்டைக் குழுவின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டான். நான் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் திருப்பித் தந்தான். அதன் ஓரத்தில், உருட்டல் வரும் இடத்தில், டிரம்ஸ்காரர் போட்ட ஒரு சிறிய குறி இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில், நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு வெள்ளை அட்டையையும் தடித்த பேனாவையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"வை.பி. சொன்னத இதுல அழகா எழுதிக் குடு. என் லாக்கர்ல ஒட்டணும். உன் கையெழுத்துதான் குண்டு குண்டா இருக்கும்."

எழுதினேன். வரிசையில் நிற்பவளுக்கு என்று தொடங்கி, நிறுத்தற்குறியை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, முடித்தேன். பதினொரு நாள் எடுத்த வரி, ஒரு நிமிடத்துக்குள் அட்டையில் அடங்கியது. அம்மா தள்ளி நின்று பார்த்தாள். உதடுகளை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று நான் விரும்பிய முகம் அதுதான்.

பிறகு அட்டையின் அடிப்பகுதியைச் சுட்டிக்காட்டினாள்.

"கீழ அவரு பேரையும் போடும்மா. யாரு சொன்னதுன்னு தெரிய வேணாமா?"

பேனாவை மறுபடி திறந்தேன். 'மாண்புமிகு' என்று தொடங்கி, அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன்.